ஏழாவது ஆளின் பதினைந்தாம் பாடம்

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கொட்டாஞ்சேனையில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் ஜீவராணியின் துப்பறியும் அலுவலகத்துக்கு ஓர் இளம்பெண் ஏறி வந்தாள். கதிரையில் உட்காரும் முன்பே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

“ஆளைக் காணேல்லை அக்கா. ஆறு கிழமையாக் காணேல்லை.”

“காதலனா?” என்றான் ஒஸ்வால்ட்.

“ஆர் எண்டே எனக்குத் தெரியாது.”

“அப்ப புருஷன்தான்.”

ஜீவராணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். காப்புறுதிக் கம்பனியில் பதினைந்து வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துப் பழகிய பார்வை அது. ஒஸ்வால்டுக்கு உறைக்கவில்லை. அவன் அவளுடைய த்ரீவீல் சாரதி, உதவியாளன். பேச்சுக்கு மட்டும் தனிக் கட்டணம் வாங்குவதில்லை.

பெண்ணின் பெயர் யதுஷா. வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே இருக்கும் சின்ன மென்பொருள் கம்பனியில் வேலை. அதன் முதலாளி முர்ஷித், ஐந்து மாதத்துக்கு முன் சிங்கப்பூரில் ஒரு மாநாட்டுக்குப் போய், ஒரு சாவிக்கொத்து, இரண்டு டீ-ஷேர்ட், ஒரு புதிய கணினி மொழி ஆகியவற்றோடு திரும்பி வந்தார். மொழியின் பெயர் டொர்னா. இனி எல்லா வேலையும் டொர்னாவில்தான் என்று அறிவித்தார். அலுவலகத்தில் யாருக்கும் டொர்னா தெரியாது. முர்ஷித்துக்கும் தெரியாது, ஆனால் அவர் முதலாளி.

“நாளைக்குப் பத்து மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு முன்னால நான் ஒரு ப்ரோக்ராம் ஓட்டிக் காட்டோணும். ஓடினா வேலை நிரந்தரம். ஓடாட்டி சனிக்கிழமை வவுனியாவுக்கு பஸ். அங்க அத்தானின்ர கடையில ஃபோட்டோகொப்பி எடுக்கிற வேலை வைச்சிருக்கினம்.”

“புதுப் பாஷைன்னா படிக்கிறதுக்குப் புத்தகம் இருக்கணுமே?” என்றாள் ஜீவராணி. ஹட்டனை விட்டு வந்து இருபது வருடமாகியும் அவளுடைய பேச்சு இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை.

“நானூறு பக்கம் இருக்கு. முதலாம் பக்கம் விளங்க இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுது. அங்க போனா, ‘முதலாம் பக்கத்தில் கண்டபடி’ எண்டு தொடங்குது.”

“வீடியோ?” என்றான் ஒஸ்வால்ட்.

“நாற்பது நிமிஷம். முதல் பன்னிரண்டு நிமிஷமும் அவர் தன்னைப் பற்றிச் சொல்லுறார். கேள்வி கேக்கிற தளத்தில கேட்டனான். ஏற்கெனவே கேட்ட கேள்வி எண்டு ரெண்டு நிமிஷத்தில பூட்டிப்போட்டு ஒரு இணைப்புத் தந்தாங்கள். அதையும் பூட்டியிருக்கு. அதில தந்த இணைப்பை அமத்தினா என்ர கேள்வி வருது.”

“செயற்கை மூளைக்கிட்டக் கேட்கலையா?” என்றாள் ஜீவராணி.

“கேட்டனான். இல்லாத கட்டளை ஒண்டு தந்திச்சு. அப்பிடி ஒண்டு இல்லையே எண்டு சொன்னன். மன்னிப்புக் கேட்டுப்போட்டு இல்லாத வேற ஒண்டு தந்திச்சு.”

“மரியாதை தெரிஞ்ச மூளை,” என்றான் ஒஸ்வால்ட். “எங்க வார்டு மெம்பரும் அப்படித்தான். மன்னிப்பு மட்டும் கேக்கமாட்டார்.”

யதுஷா தன் தொலைபேசியை நீட்டினாள். அதில் ஒரு வலைப்பக்கம். தலைப்பு, டொர்னா குறிப்புகள். எழுதியவர் பெயர், ஏழாவது ஆள். பதினான்கு பாடங்கள், தமிழில். ஒவ்வொன்றும் ஒரே மாதிரித்தான் தொடங்கியது: ‘நேற்று நான் இங்கே பிழை விட்டேன்.’

“ரெண்டாந்தரம் வாசிக்கத் தேவையில்லாமல் எனக்கு விளங்கின ஒரே சாமான் இதுதான் அக்கா. பதினாலாம் பாடத்தின்ர கடைசி வரியைப் பாருங்கோ.”

‘அடுத்த பாடம்: மிஞ்சியவர்கள்.’

அதற்குப் பிறகு ஆறு வாரமாக ஒரு வரி இல்லை. நாளைய சோதனையோ மிஞ்சியவர்களைப் பற்றித்தான். டொர்னா எதையும் தொகுதி தொகுதியாகத்தான் செய்யும். நாற்பது பொதிகளை ஆறு ஆறாக வண்டியில் ஏற்றச் சொன்னால், ஆறு வண்டி போய்விடும். மிச்சம் நான்கு பொதி. டொர்னா இன்னும் இரண்டு வரும் என்று காத்திருக்கும். வராது. ஆனாலும் காத்திருக்கும். ப்ரோக்ராம் அப்படியே நின்றுவிடும்.

“அந்த நானூறு பக்கத்துல இதுக்கு என்ன போட்டிருக்கு?”

“‘மிஞ்சியவற்றைக் கையாள்வது எளிது, அது வாசகருக்கே விடப்படுகிறது.’”

“எழுதினவனுக்கும் தெரியாது,” என்றாள் ஜீவராணி. “காப்புறுதிப் பத்திரத்துலயும் இப்படித்தான் எழுதுவாங்க. சரிம்மா, உங்க ஆபீஸ்ல இந்த ஏழாவது ஆள் யாருன்னு சொல்றாங்க?”

“ஜெர்மனியில இருக்கிற எஞ்சினியர் ஒராள் எண்டு அடிச்சுச் சொல்லுறாங்கள். முர்ஷித் சேர் திறந்தும் பார்க்கேல்லை. தமிழில இருந்தா அது சின்னப் பிள்ளையளுக்காம்.”

ஜீவராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினான்கு பாடங்களையும் வாசித்தாள். டொர்னாவில் ஒரு சொல்கூட அவளுக்குத் தெரியாது. ஆனால் பொய்க் கோரிக்கை பிடிப்பவர்கள் விஷயத்தை வாசிப்பதில்லை, உதாரணத்தைத்தான் வாசிப்பார்கள். ஒரு மணி நேரமாயிற்று. அதற்குள் ஒஸ்வால்ட் கீழே போய் மீன் வைத்த மாலு பாண் மூன்று வாங்கி வந்து, அதில் இரண்டைத் தானே சாப்பிட்டிருந்தான்.

“ஒஸ்வால்ட், எல்லாப் பாடத்துலயும் ஒரே உதாரணம்தான். கலியாண வீட்டுச் சஹன். ஒரு பெரிய தட்டு, சுத்தி ஆறு பேர்.”

“அப்ப எழுதினது முஸ்லிம் ஆள். இதுக்கா ஒரு மணித்தியாலம்? கொழும்புல பத்து வீட்டுக்கு ஆறு வீடு கழிச்சிட்டீங்க.”

“ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவாங்க. ஏழாவது ஆள் யாரு?”

ஒஸ்வால்ட் மெல்லுவதை நிறுத்தினான். “பரிமாற நிக்கிறவன்.”

“நிக்கிறவ. ஒன்பதாம் பாடத்தைப் பாரு. விதிவிலக்கை விளக்குது. ‘கைக்குழந்தையோடு வந்தவரை ஆறில் எண்ணாதே, அவருக்குத் தனிக் கோப்பை வை.’ ஆம்பளைங்க பக்கத்துல கைக்குழந்தையோட யாரு உட்கார்றா?”

யதுஷா நிமிர்ந்தாள். “பொம்பிளையா?”

“பொம்பளைதான். அதுவும் விருந்தாளி இல்ல. திகதிகளைப் பாத்தியா? வழக்கமா மாசத்துக்கு ஒரு பாடம்தான் எழுதுறாங்க. நோன்பு மாசத்துல மட்டும் எட்டு. களைச்சுப் போற மாசத்துல ஒருத்தருக்கு எப்படி அவ்வளவு நேரம் கிடைக்குது?”

“நோன்புல கலியாணம் இல்ல,” என்றான் ஒஸ்வால்ட், தன்னை அறியாமலே. “கலியாணச் சாப்பாடு பரிமாறுறவங்களுக்கு அது லீவு.”

“பொம்பளைங்க பக்கத்துக்கு ஆள் அனுப்புற சமையல்காரர் யாரு?”

“கொம்பனித்தெரு மஷூர் நானா. பரிமாற ஆறு பொம்பிளைகளை வேலைக்கு வெச்சிருக்கிறார். ரெண்டு தரம் அவங்களைக் கலியாண ஹோலுக்கு ஏத்திப் போயிருக்கிறன். நாலு பேருக்குத்தான் இடம் எண்டு சொன்னா, ஆறு பேரும் ஏறி, என்னை இறங்கித் தள்ளச் சொன்னவங்க.”

பதினொன்றரைக்குக் கொம்பனித்தெரு. மஷூர் நானாவின் சமையல் முற்றம் இரண்டு உயரமான புதுக் கட்டடங்களுக்கு நடுவே வெயில் படாமல் கிடந்தது. மஷூர் நானா கலியாண வேலையாகத் தெமட்டகொடைக்குப் போய்விட்டார். மகன் இப்ஹாம் இருந்தான். அவனுடைய அறையில் நீலமும் சிவப்புமாக விளக்கு எரியும் ஒரு கணினி இருந்தது. திரையில் டொர்னா.

யதுஷாவின் முகம் மலர்ந்துவிட்டது. “டொர்னா குறிப்புகள்... ஏழாவது ஆள்...?”

இப்ஹாம் அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் இருந்த பக்தியைப் பார்த்தான். தலைமுடியைக் கோதிக்கொண்டான்.

“அது நான்தான். பெரிசா யாருக்கும் சொல்ற இல்ல.”

“கைக்குழந்தையோட வர்றவங்களுக்கு என்னா வைப்பீங்க தம்பி?” என்றாள் ஜீவராணி.

“என்ன?”

“உங்க ஒன்பதாம் பாடம்.”

இப்ஹாம் விழித்தான். “கைக்குழந்தையா? எங்க பக்கத்துல அப்படி யாரும் வாற இல்லையே.”

“வர மாட்டாங்க. இந்தக் கணினியை வேற யார் பாவிக்கிறாங்க?”

“எங்கட பொம்பிளைகள் சஹன் கணக்குப் பார்க்க வருவாங்க. நான் அதெல்லாம் பார்க்கிறல்ல.” அவன் குரல் இறங்கிவிட்டது. “நான் எழுதல்ல. எழுதினமாதிரி ஒரு நிமிஷம் இருந்து பார்த்தேன்.”

“குற்றமில்ல,” என்றான் ஒஸ்வால்ட். “நான் அப்படி நாலு வருஷம் ஒரு சேர்ச் கொயர்ல பாடுற மாதிரி இருந்தனான்.”

தெமட்டகொடை மண்டபத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் ஒன்றரை. பந்தி முடியும் நேரம். வாசலில் மஷூர் நானா நின்றார். விஷயத்தைச் சொல்ல அவர் விடவில்லை. “வந்த ஆள சாப்பிடாம அனுப்ப ஏலா,” என்று ஒஸ்வால்டை ஆண்கள் பக்கமும் மற்ற இருவரைத் திரைக்கு அந்தப் பக்கமும் தள்ளிவிட்டார். ஒஸ்வால்ட் எதிர்ப்புத் தெரிவிக்கவே இல்லை.

பெண்கள் பக்கத்துக்குப் பொறுப்பு ஆதிபா. இடுப்பில் சாவிக்கொத்து, கையில் பட்டியல். “இப்ப ஒண்டும் கதைக்க ஏலா. கடைசிச் சஹன் ஒண்டு இரிக்கி. உட்காருங்க.”

உட்கார்ந்தார்கள். பாணந்துறையிலிருந்து வந்த சகோதரிகள் இருவர் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேர். சஹன் வரவில்லை. சோற்று மணம் மட்டும் வந்தது. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். ஆதிபா திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

“பர்ஹா, பைறோஸா, வாங்க, சஹன் நிக்கிது!”

ஏப்ரனோடு இரண்டு பேர் வந்தார்கள். பர்ஹாவுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். அவளுடைய கழுத்தில் ஏதோ கணினிக் கல்லூரியின் அடையாள அட்டை தொங்கியது. யதுஷா ஜீவராணியின் முழங்கையை இடித்தாள். இவள்தான் என்று கண்ணைக் காட்டினாள்.

ஜீவராணி மற்றவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பைறோஸாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். உட்காரப் போனவள் பாதியில் நின்றாள். சுவரோரத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு தாயைக் கண்டாள். யாரும் சொல்லாமலே ஒரு கோப்பையில் சோறும் கோழித் துண்டும் எடுத்து அவளுக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

சஹன் வந்தது. எல்லாரும் கை வைத்தார்கள். ஜீவராணி சோற்றைப் பிசைந்தபடி, அடுத்த வீட்டு விஷயம் கேட்பதுபோலக் கேட்டாள்.

“பதினைஞ்சாம் பாடம் எங்கங்க?”

பைறோஸாவின் கை நின்றுவிட்டது. பர்ஹா சிரித்தாள். “புடிச்சிட்டாங்க ராத்தா! நான் காட்டிக்குடுக்கல்ல. என்ட அசைன்மெண்ட் எல்லாம் இவதான் செஞ்சு தாற, அதக்கூட நான் யாருக்கும் செல்லல்ல.”

யதுஷா அவசர அவசரமாகக் கதையைச் சொன்னாள். நாளைக்குப் பத்து மணி, நாற்பது பொதி, வவுனியா பஸ். பைறோஸா தலையைக் குனிந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“இப்ஹாம் தம்பிதான் மொதல்ல சஹன் கணக்குக்கு டொர்னாவுல ஒண்டு செஞ்சார். அண்டைக்கு முப்பது பேருக்குச் சோறு இல்ல. ஏச்சு எனக்கு. அதுக்குப் பொறகு நானே படிச்சேன். விழுந்து விழுந்து படிச்சேன். விழுந்த எடத்த எழுதி வெச்சேன், இன்னொரு ஆள் அங்க விழக்கூடாதே எண்டு. இதுல விழுந்தவ இன்னும் எழும்பல்ல தங்கச்சி. எனக்கு விளங்கல்ல. விளங்காதத எப்படி எழுதுற?”

“நம்ம ஊர்ல அதுக்குச் சம்பளமே குடுக்கிறாங்க,” என்றாள் ஜீவராணி.

யதுஷாவின் கண் நிறைந்துவிட்டது. ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. பாடம் இல்லை. உலகத்தில் இதைத் தெளிவாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கும் தெரியாது. ஜீவராணிக்குத் தன்மீதே கோபம் வந்தது. மிகத் திறமையாகத் துப்பறிந்து ஒரு பிள்ளையைச் சுவரில் கொண்டுவந்து மோதவிட்டிருக்கிறாள்.

இரண்டு வாய் சாப்பிட்டதும் பைறோஸாவும் பர்ஹாவும் எழும்பினார்கள்.

“என்ன எழும்பிட்டீங்கள்?” என்றாள் யதுஷா. “நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்லையே.”

“நாங்க சாப்பிட உட்காரல்ல தங்கச்சி. நாலு பேர் பார்த்துக்கிட்டு இரிந்தீங்க. ஆறு ஆனாத்தானே சஹன் வெக்கிற. அதுக்காக வீட்டாள் மாதிரி நாங்க ரெண்டு பேர் உட்கார்ந்துட்டு எழும்புற.”

“எல்லாக் கலியாணத்திலயுமா?”

“மிஞ்சுற கலியாணம் எல்லாத்துலயும். பதினொரு வருஷமா நான்தான்...”

பைறோஸாவின் பேச்சு பாதியில் நின்றது; திறந்த வாய் அப்படியே இருந்தது. யதுஷாவின் கையிலிருந்த சோறு சஹனிலேயே விழுந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“வெறும் பொதி ரெண்டு,” என்றாள் யதுஷா. “நாலோட வெறும் பொதி ரெண்டைச் சேர்த்தா ஆறு. டொர்னா காத்திருக்காது. வண்டி போயிடும்.”

“அடையாளம் வெக்கோணும்,” என்றாள் பைறோஸா. “வீட்டாள் எண்டு அடையாளம். வண்டி வெளிக்கிட்டதும் எழுப்பிரோணும். இல்லாட்டி கணக்குல வந்துரும்.” பக்கத்திலிருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டாள். “என்ட அல்லாஹ், நான் எல்லாரையும் எண்ணினேன். என்னைய எண்ணவே இல்லையே.”

பாணந்துறைச் சகோதரிகளுக்கு எதுவும் விளங்கவில்லை. இருந்தாலும் கலியாண வீட்டில் அழுகிறார்களே என்று அவர்களும் கொஞ்சம் கலங்கினார்கள்.

மண்டபம் வெறுமையானதும் பைறோஸா விருந்தினர் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதிக்காட்ட, யதுஷா மடிக்கணினியில் தட்டினாள். நாற்பது பொதியும் போயின. மூன்று தரம் ஓட்டிப் பார்த்தார்கள், மூன்று தரமும் போயின. பிறகு வேலைசெய்த பெண்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, மீதிப் பேர் முற்றத்துக்குச் சட்டி கழுவப் போயிருந்ததால், நான்கு பேர்தான் இருந்தார்கள். ஜீவராணி யதுஷாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் நிறைந்த வயிற்றோடு இன்னொரு தரம் போய் உட்கார்ந்தார்கள்.

எழும்பும்போது யதுஷா பைறோஸாவின் கையைப் பிடித்தாள். “நாளைக்கு நீங்கள் வரோணும்.”

“நான் வந்து என்ன செய்ற?”

“பக்கத்தில இருக்கிறதுக்கு.”

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, வெள்ளவத்தை. கூட்ட அறையில் ஆறு கதிரைகள். முர்ஷித், ஜெர்மனிக்காரன்தான் என்று அடித்துச் சொன்ன இரண்டு எஞ்சினியர்கள், யதுஷா, பைறோஸா, ஜீவராணி. ஒஸ்வால்ட் தேவாலயத் திருவிழாவுக்குப் போடும் கோட்டோடு கதவருகே நின்றான். அந்தக் கோட்டைப் பார்த்து, அவனை வாடிக்கையாளர் அனுப்பிய ஆள் என்று முர்ஷித் முடிவு செய்துகொண்டு, அவனிடம் எதுவும் கேட்கவில்லை. பைறோஸாவைப் பார்த்ததும் அதே வேகத்தில் இன்னொரு முடிவுக்கு வந்தார்.

“ஆ, நல்லது. தங்கச்சி, எல்லாருக்கும் ப்ளேன் டீ கொண்டாங்க.”

பைறோஸா பழக்கத்தில் எழும்பப் போனாள். யதுஷா அவள் கையை மேசையோடு அழுத்திப் பிடித்தாள்.

“அவ எழும்ப மாட்டா சேர்.”

முர்ஷித் வாயைத் திறப்பதற்குள் சுவர்த்திரையில் வெளிநாட்டு வாடிக்கையாளரின் முகம் வந்துவிட்டது. யதுஷா ப்ரோக்ராமை ஓட்டினாள். ஆறு வண்டி போனது. மிச்சம் நான்கு. ஏழாவது வண்டியும் போனது. ‘முடிந்தது. பொதிகள்: 40.’

வாடிக்கையாளர் திரைக்குக் கிட்ட வந்தார். இது எந்தக் கையேட்டிலும் இல்லையே, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“எங்கட கம்பனியின் உள்ளகப் பயிற்சி,” என்றார் முர்ஷித், அதைவிட நல்ல ஆங்கிலத்தில்.

“விசித்திரம்,” என்றார் வாடிக்கையாளர். “எங்கள் ஆட்கள் தமிழில் இருக்கும் ஒரு குறிப்பைத்தான் இயந்திர மொழிபெயர்ப்பில் படிக்கிறார்கள். பதினைந்தாம் பாடத்துக்கு ஆறு வாரமாகக் காத்திருந்தோம். இன்று காலைதான் வந்தது. இதே முறைதான். சஹன் என்பது ஏதோ ஒரு சேர்வரின் பெயர் என்று நினைத்தோம். அதை எழுதியவரைத் தேடித்தர முடியுமா? இந்தத் தடவை ஏழாவது ஆள் என்று இல்லாமல் பைறோஸா என்று பெயர் போட்டிருக்கிறது.”

யதுஷா பைறோஸாவின் பக்கம் திரும்பினாள். பைறோஸா கையை உயர்த்தினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை உயர்த்துவதுபோல, காதளவுக்கு மட்டும்.

வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார். இந்த இரண்டு பேரும் இருக்கும் கம்பனிக்கே எங்கள் வேலை என்றார். ஓர் எஞ்சினியர் மேசையைப் பார்த்தான். மற்றவன் ஜெர்மனி இருக்கும் திசையைப் பார்த்தான்.

“யதுஷா எங்கட நிரந்தர ஊழியர்,” என்றார் முர்ஷித் உடனே. “கடிதம் எல்லாம் தயார்.”

“கையெழுத்து மட்டும்தான் மிச்சம் சேர்,” என்று யதுஷா கடிதத்தை நீட்டினாள். அவர் வைத்தார். இன்னொரு வெற்றுத்தாளை ஜீவராணி நகர்த்தி, “இவங்க பேருக்கும் ஒண்ணு அடிக்கணுமே சார்,” என்றாள். முர்ஷித் பைறோஸாவைப் பார்த்தார். ஆயுள் முழுக்க முதல் சஹனில் உட்கார்ந்து பழகிய மனிதர். அவருக்கு அப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்தார்.

“நான்... டீ சொல்லிட்டு வாறன்.”

சொல்வதற்கு வெளியே யாரும் இருக்கவில்லை. சமையலறையில் கோப்பைகள் உரசும் சத்தம் வெகுநேரம் கேட்டது. கால் வலிக்கிறது என்று ஒஸ்வால்ட் அவருடைய கதிரையில் உட்கார்ந்தான்.

முர்ஷித் தட்டோடு திரும்பி வந்தார். ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு கோப்பை வைத்தார். பைறோஸாவுக்கும் வைத்தார். வைத்து முடிந்ததும் தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. போகும்போது அறையில் இருந்தவர்களை எண்ணிக்கொண்டு போயிருக்கிறார். தன்னை எண்ணவில்லை.

பைறோஸா எழும்பவில்லை. தன் கோப்பையை மெல்ல அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, தன் கதிரையைச் சற்று ஒதுக்கி, மேசையோரம் அவருக்கும் கொஞ்சம் இடம் விட்டாள்.